ஒரு சட்டை விலைக்குள்

அந்தச் செய்தியை அவள் நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தாள். ஐந்தாவது தடவை, கடையின் பின்னறையில் தேநீர் இடைவேளை முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

'எல்லாருக்கும் வணக்கம். வருஷக் கடைசி லீவுக்கு நாம கூடும்போது இந்தத் தடவை ஒரு வீட்டுக்கு ஒரு பரிசு போதும். அதுவும் ஒரு நல்ல சட்டை விலைக்கு மேல போக வேண்டாம். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.'

கணவன் வீட்டாரின் வாட்ஸப் குழுவில் இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய முதல் பெரிய செய்தி அதுதான். மற்றபடி பிறந்தநாளுக்கு ஒரு பூ, யாராவது ஊருக்குப் போனால் ஒரு கும்பிடு, அவ்வளவோடு சரி. சட்டை விலை என்று எழுதியதற்கும் காரணம் இருந்தது. ரெடிமேட் கடையில் அவளுக்கு ஆல்டரேஷன் வேலை. வாங்கியவர்களின் கால்சட்டையைக் கணுக்காலுக்கு ஏற்றவும், சட்டையை இடுப்பில் பிடிக்கவும் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பாள். எந்தச் சட்டை என்ன விலை என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். கணவன் வீட்டில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். முதலில் தொழிலை வைத்துச் சொன்னார்கள். பிறகு உடம்பைப் பார்த்துச் சொன்னார்கள். கடைசியில் வாயைக் கேட்டுவிட்டு, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று நிலைநிறுத்திவிட்டார்கள்.

முதல் பதில் ஒரே நிமிஷத்தில் வந்தது. கணவனின் அண்ணன், ஓய்வு பெற்ற தபால்காரர், கட்டைவிரல் படம் ஐந்தை வரிசையாக அனுப்பியிருந்தார். மனைவி போன பிறகு ஓய்வூதியத்தில் தனியாகக் காலம் தள்ளுகிற மனிதர். பின்னாலேயே போனும் செய்தார்.

"நல்ல காரியம் பண்ணினேம்மா. போன வருஷம் எல்லாருக்கும் வாங்கிட்டு நாலு மாசம் மூச்சு முட்டிப் போச்சு எனக்கு." பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

வர வேண்டிய பதில்தான் வரவில்லை. நாத்தனார் செய்தியைப் படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் சாட்சி. நாத்தனார் பல் டாக்டர். இரண்டு கிளினிக்குகள், ஏழாவது மாடியில் சொந்த வீடு, வெளிநாட்டில் படிக்கிற மகன். அவள் வாயைத் திறந்தால் குழுவில் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். ஊசி ஒரு கால்சட்டையின் இடது காலை வலது காலைவிட ஒரு விரற்கடை குட்டையாகத் தைத்துவிட்டுப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

'சரி.'

அவ்வளவுதான். எழுத்து இரண்டு, பின்னால் ஒரு புள்ளி. நாத்தனார் வாழ்நாளில் வாட்ஸப்பில் புள்ளி வைத்ததில்லை. அந்தப் புள்ளியை ஊசி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போனால், கணவன் கூடத்து நாற்காலியில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டுத் தான் படிக்கட்டில் இறங்கி வருகிறவன் என்று மகள் கேலி செய்வாள்.

"என்னைக் கேட்டியா?" என்றான்.

"கேட்டா வேணாம்னிருப்பீங்க."

"தெரியுதில்ல. அப்புறம் எதுக்கு அனுப்பின? எங்க அக்கா என்ன நினைப்பா? தம்பிக்கு வக்கில்ல, பெண்டாட்டிய விட்டு எழுத வைக்கிறான்னு நினைக்க மாட்டா?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். இந்த வருஷம் நமக்கு என்ன செலவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கட்டட வரைபடப் படிப்பில் இடம் வாங்கியிருந்தாள். லீவு முடிந்து கல்லூரி திறக்கிற முதல் நாள், மாலை நாலு மணிக்குள் முதல் தவணையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்து நிற்கிறவருக்கு இடம் போய்விடும். அதற்காக இருவரும் பதினொரு மாதம் சேர்த்திருந்தார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தைத்த கூலி, அவன் விடுமுறை நாட்களில் ஓடிய அவசர அழைப்புக் கூலி, இரண்டும் ஒரே கணக்கில் இருந்தன.

அவன் பூட்ஸைக் கழற்றினான். "சரி, விடு. அனுப்பினது அனுப்பியாச்சு," என்றான். அவன் அத்தனை சீக்கிரம் இறங்கி வந்ததில் ஏதோ இடித்தது. ஆனாலும் கிடைத்த சமாதானத்தைக் கிளறிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

நாத்தனார் கெட்டவள் அல்ல. அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் ஒரே சண்டையில் முடிந்திருக்கும். ஒரு வருஷம் கட்டில் வாங்கி அனுப்பினாள். இன்னொரு வருஷம் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. இருந்த ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரோ ஒருவருக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் நாத்தனார் தந்த ஏதாவது ஒன்று முழங்காலில் இடிக்கும். அது போகட்டும். ஒவ்வொன்றுக்கும் பதிலாக எதையாவது தூக்கிக்கொண்டு போயாக வேண்டும். வெறுங்கையோடு அக்கா வீட்டுக்குப் போகக் கணவனால் முடியாது. கடைசி நாளில் கடை கடையாக ஏறி, கைக்கு மீறி எதையோ வாங்குவான். அதை நாத்தனார் "ஐயோ, எதுக்குடா இதெல்லாம்" என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் வைப்பாள். அடுத்த வருஷம் போனால் அது அதே இடத்தில் இருக்கும்.

இந்த வருஷம் ஊசி தானே கையால் தைத்தாள். நாத்தனாருக்கு ஒரு கிளினிக் கோட்டு. குனிந்து வேலை செய்கிறவளுக்குத் தோளில் இறுக்காமல், பாக்கெட் பக்கவாட்டில் இல்லாமல் முன்னால் வருகிறமாதிரி. தபால்காரருக்கு முழுக்கைச் சட்டை. துணி விலை சொன்ன எல்லைக்குள் அடங்கியது.

குடும்பம் கூடிய நாளில் ஏழாவது மாடிக்கு லிஃப்டில் ஏறும்போது மெக்கானிக் வழக்கம்போலக் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா, கேபிள் எப்படி இருக்கு?" என்று மகள் கேட்டாள். "இருக்கு," என்றான்.

சாப்பாடு நன்றாகவே போனது. நாத்தனார் ஊசியின் தட்டில் கேட்காமல் இரண்டாம் தடவை பரிமாறினாள். மகளின் கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்த்து, "இது முளைக்கிறப்ப வலிக்கும், என்கிட்ட வந்துடு," என்றாள். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாத்தனாரின் கணவர் பேச்சை மழையிலிருந்து கிரிக்கெட்டுக்கும் கிரிக்கெட்டிலிருந்து மழைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். யாரும் எதையும் உடைத்துவிடக் கூடாது என்பதுபோல எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்தார்கள். தபால்காரர் முதலில் எழுந்து வீட்டுக்கு ஒன்றாகக் குடை கொடுத்தார். "எல்லைக்குள்ளதான் இருக்கு, பில்லு வேணும்னா காட்டறேன்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஊசி பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. அடுத்து ஊசி தன் பொட்டலங்களைக் கொடுத்தாள். நாத்தனார் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கையை முன்னால் நீட்டினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"தோள் இடிக்கவே இல்லையே," என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட குரல். ஊசிக்கு அரை மூச்சு வந்தது.

மீதி அரை மூச்சு வருவதற்குள் நாத்தனார் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்து மகளின் மடியில் வைத்தாள். தட்டையான பெட்டி. மூடியில் இருந்த படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. லேப்டாப். வரைபடம் போடுகிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி, பெரிய திரை.



"இது பரிசு இல்ல," என்றாள் நாத்தனார், ஊசியின் பக்கம் திரும்பாமலே. "பரிசுக்குத்தானே கணக்கு சொன்னீங்க. இது படிப்புச் செலவு. அத்தை செய்யாம யார் செய்வா?"

மகளின் விரல்கள் பெட்டியின் விளிம்பைப் பிடித்தன. முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அம்மாவைப் பார்த்தது, மலர்ச்சி அப்படியே நின்றது. பதினேழு வயதுப் பெண் சந்தோஷப்படுவதற்கு முன் அனுமதி கேட்கிற அந்தப் பார்வையை ஊசியால் தாங்க முடியவில்லை. என்ன சொல்வதென்று அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் எழுந்தான்.

"ஒரு நிமிஷம்," என்று வெளியே போனான். லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. ஏறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கைகளில் வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பெட்டி. கீழே காவலாளி அறையில் காலையிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

"நானும் சும்மா வரல, அக்கா," என்றான்.

நாத்தனார் காகிதத்தைப் பிரித்தாள். காபி மெஷின். கொட்டையை அதுவே அரைத்து, பாலை அதுவே நுரைக்க வைத்து, கோப்பையில் அதுவே ஊற்றுகிற வகை. ஊசிக்கு அது தெரியும். அவள் வேலை செய்கிற கடைக்கு எதிரே இருக்கிற எலெக்ட்ரிக் சாமான் கடையின் கண்ணாடிக்குள் அது மாதக்கணக்கில் நின்றது. அதன் விலைச்சீட்டையும் அவள் தினம் பார்த்திருக்கிறாள்.

ஆக, அக்கா எல்லையை மீறுவாள் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி ஏதாவது கொண்டுவருவான் என்று அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவள் சொன்னதை அவள் ஒருத்தியும் தபால்காரரும்தான் நம்பியிருந்தார்கள்.

"பாத்ரூம் போய்ட்டு வரேன்," என்று எழுந்தாள்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு போனில் வங்கிக் கணக்கைத் திறந்தாள். ரகசிய எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவதில் திறந்தது. பதினொரு மாதச் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. தேதியும் போட்டிருந்தது. அவன் "சரி, விடு" என்று சொன்னதற்கு மறுநாள்.

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். துடைக்கவில்லை. அப்படியே வெளியே வந்தாள்.

கூடத்தில் கணவன், "பிரிச்சுப் பாரு அக்கா, ஓட்டிப் பார்க்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"பிரிக்காதீங்க, அண்ணி," என்றாள் ஊசி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது காலேஜ்ல கட்ட வேண்டிய பணம். அதுல வாங்கியிருக்கார்."

மெக்கானிக்கின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "இங்க எதுக்கு இதைப் பேசற?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேற எங்க பேசறது? வீட்டுல பேசினதுக்கு நீங்க சரின்னீங்க. குரூப்புல எழுதினதுக்கு அண்ணி சரின்னாங்க. ரெண்டு சரிக்கும் அர்த்தம் இதுதான்னு இப்பத்தானே தெரியுது."

நாத்தனார் பெட்டியைக் கீழே வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டு, எளிதான விஷயம்போல, "இதுக்குப் போய் ஏன் இவ்வளவு? பீஸை நான் கட்டிட்டுப் போறேன். எவ்வளவுன்னு சொல்லு," என்றாள்.

"வேண்டாம்," என்று கத்தினான் தம்பி. அவன் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாத்தனாரின் கணவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் தளும்பியது. "நீ ஒண்ணும் கட்ட வேண்டாம். எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு. எப்பப் பார்த்தாலும் நீ நீட்டணும், நான் வாங்கிட்டு நிக்கணும். என் பொண்ணுக்கு நான் கட்டுவேன்."

"எதைக் கொண்டு கட்டுவீங்க?" என்றாள் ஊசி.

மகள் எழுந்தாள். லேப்டாப் பெட்டியை டீப்பாயின் மேல் வைத்தாள். மெதுவாக, கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல.

"எனக்கு இது வேணும், அத்தை. வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள். குரல் கரகரத்தது. "ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம். இப்ப நான் எடுத்துட்டுப் போனா அம்மாவை விட்டுக் குடுத்த மாதிரி இருக்கும்."

நாத்தனார் தம்பியின் பக்கம் காபி மெஷினைத் தள்ளினாள். "இதை எடுத்துட்டுப் போடா."

"குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல."

"எனக்கு இருக்கு," என்று ஊசி குனிந்து பெட்டியைத் தூக்கினாள். அவளுடைய உடம்பில் பாதி எடை இருக்கும் அது. தபால்காரர் ஒரு பக்கம் பிடிக்க ஓடிவந்தார். "விடுங்க அத்தான், நானே தூக்கறேன்," என்று வாசலைத் தாண்டினாள். லிஃப்டில் அவளும் கணவனும் மகளும் ஏழு மாடி இறங்கினார்கள். நாலாவது மாடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் உடனே யாருக்காவது போன் செய்திருப்பான். அன்று மூன்று பேரும் எண்கள் குறைவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. தட்டு வைக்கிற சத்தம், செருப்பு மாட்டுகிற சத்தம், அவ்வளவுதான். மகள் இரண்டு அறைக்கும் நடுவே தூது போய்ச் சலித்து, "நீங்களே பேசிக்குங்க, என் காலெல்லாம் வலிக்குது," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, லீவு முடிந்த முதல் நாள், ஊசி பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வேலைக்குக் கிளம்பி வந்து, சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினான். இரண்டு நாளும் அது அவன் பையிலேயே இருந்து கசங்கியிருந்தது.

"நான் வரட்டுமா?" என்றான்.

"வேலைக்குப் போங்க. லீவு முடிஞ்சு எல்லா லிஃப்டும் நிக்கும்."

அவன் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவ கொண்டுவந்து வைக்கும்போது நான் வெறுங்கையோட உக்காந்திருக்கணும்னு நினைச்சாலே உடம்பு கூசுது. அதான் வாங்கினேன். பீஸுக்கு மேனேஜர்கிட்ட முன்பணம் கேக்கலாம்னு இருந்தேன். நேத்துக் கேட்டேன். இல்லைன்னுட்டார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல," என்றான். அதில் சண்டை இல்லை. அவள் கயிற்றின் முடிச்சை இறுக்க, அவன் விரலை வைத்து அழுத்திப் பிடித்தான்.

எலெக்ட்ரிக் சாமான் கடையில் பொருள் மாற்றுகிற கவுண்ட்டரில் இருபது பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் லீவில் வாங்கிய பரிசுகள். பிடிக்காத மிக்ஸி, அளவு பெரிதான டிவி, இரண்டு பேர் ஒரே மாதிரி கொடுத்த இஸ்திரிப்பெட்டி. ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் முறை வந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் பெட்டியை நான்கு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"சீல் உடையல. எடுத்துக்கறோம்."

ஊசி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆனா பணமாத் தர மாட்டோம். இதே தொகைக்கு ஒரு சீட்டுத் தருவோம். ஆறு மாசத்துக்குள்ள நம்ம கடையில எது வேணும்னாலும் வாங்கிக்கலாம்."

"எனக்கு எதுவும் வேண்டாம். பணம்தான் வேணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள பொண்ணுக்குப் பீஸ் கட்டணும்." கல்லூரிக் கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினாள். "பாருங்க, தேதி போட்டிருக்கு."

அந்தப் பெண் கடிதத்தைப் படித்தாள். இரக்கப்படுகிற முகம்தான். உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவிட்டு வந்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. கம்ப்யூட்டர்லயே அந்த வழி இல்ல." சீட்டை அச்சடித்து நீட்டினாள். பின்னால் நின்றவர்கள் செருமினார்கள்.

ஊசி சீட்டோடு ஒதுங்கி, வாஷிங் மெஷின்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். மணி ஒன்று. கல்லூரி நகரத்தின் மறுகோடி. கையில் இருக்கிற காகிதத்துக்கு இந்தக் கூரைக்கு வெளியே மதிப்பே கிடையாது. தன் கடை முதலாளியைக் கேட்கலாமா, கழுத்துச் சங்கிலியைக் கழற்றலாமா என்று மனசு எலிபோல அங்கும் இங்கும் ஓடியது.

"இங்கதான் இருக்கியா?"

நாத்தனார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கிளினிக்கை அப்படியே விட்டு வந்திருப்பாள்போல, மாஸ்க் இன்னும் தாடையில் தொங்கியது.

"யார் சொன்னா?"

"அண்ணன்தான். காலையில உன் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கார், பாப்பா சொல்லியிருக்கா." சேதி கொண்டு சேர்ப்பதில் தபால்காரருக்கு ஓய்வே கிடையாது. நாத்தனாரின் கை அதற்குள் கைப்பையில் நுழைந்துவிட்டது. "பீஸுக்கு எவ்வளவு குறையுது?"

"பையை மூடுங்க, அண்ணி."

நாத்தனார் மூடினாள். மூடிய பிறகு கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த வாஷிங் மெஷினின் மேல் வைத்தாள், எடுத்தாள்.

"உனக்கு என் மேல கோபம்," என்றாள்.

"ஆமா."

"நான் உன்னைக் குறைச்சுக் காட்டணும்னு எதையும் செய்யல."

"தெரியும். ஆனா நான் குறைஞ்சுதான் போனேன். அவரும் குறைஞ்சு போறார். அதை எப்படியாவது நிமிர்த்தணும்னுதான் திருட்டுத்தனமா மெஷின் வாங்கினார்."

யாரோ ஒருவர் நடுவே புகுந்து ஒரு மெஷினின் மூடியைத் திறந்து மூடிவிட்டுப் போனார்.

"அவன் ஏன் படிக்கலைன்னு உன்கிட்ட சொல்லியிருக்கானா?" என்றாள் நாத்தனார்.

"படிப்பு ஏறலைன்னு சொல்லுவார்."

"நல்லா ஏறிச்சு. அப்பா படுத்துட்டார். ரெண்டு பேருக்கும் பீஸ் கட்ட வழியில்ல. அண்ணன் சம்பளம் மருந்துக்கே போயிடும். எனக்கு டாக்டர் படிப்பு இன்னும் மூணு வருஷம் பாக்கி. அவன் ஒருநாள் சாயங்காலம் வந்து, எனக்குப் படிப்பு வராது, லிஃப்ட் கம்பெனியில சேர்ந்துட்டேன்னான். பதினாறு வயசு." நாத்தனார் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் கசக்கினாள். "அவன் எதிர்ல வெறுமனே உக்கார என்னால முடியல. எதையாவது குடுத்துட்டா கொஞ்ச நேரம் மனசு அடங்கும். அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுடும்."

ஊசி அவளையே பார்த்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் கணவன் இதைச் சொன்னதில்லை.

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா, அண்ணி?"

"இல்ல."

"ஏன்?"

"லேப்டாப் வாங்கறது சுலபமா இருந்துச்சு," என்றாள் பல் டாக்டர்.

மணி ஒன்றரையைத் தாண்டியது. ஊசி கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, உண்மையைச் சொல்லணும். உங்க கிளினிக்குக்கு இந்தக் கடையில வாங்க வேண்டியது எதாவது இருக்கா? எனக்காகச் சொல்லக் கூடாது."

நாத்தனார் யோசித்தாள். "ரெண்டாவது கிளினிக்ல மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் பத்து நாளா மக்கர் பண்ணுது. ஐஸ் கட்டி போட்டு ஓட்டிட்டு இருக்கோம். நிஜமாத்தான்."

"அப்ப இந்தச் சீட்டை என்கிட்டேர்ந்து விலைக்கு வாங்கிக்குங்க. இதுல என்ன போட்டிருக்கோ அதுக்கு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வாசலில் இருந்த ஏடிஎம்மில் எடுத்து வந்து கொடுத்தாள். ஊசி எண்ணினாள். இரண்டு நோட்டு கூடுதலாக இருந்தன. அவற்றைத் திருப்பி நீட்டினாள். நாத்தனார் வாங்கிக் கைப்பையில் வைத்தாள்.

"கார் இருக்கு, காலேஜ்ல விடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். அவள் அப்படி நிற்பது புதிது.

"விடுங்க," என்றாள் ஊசி. "பஸ்ல போனா நேரமாயிடும்."

மூன்று இருபதுக்கு ரசீது கையில் வந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் அவள் பின்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டு ஜன்னலைப் பாதி சாத்தினார். திரும்பும்போது நாத்தனார் சாலையைப் பார்த்தபடி, "லேப்டாப் என் வீட்டுலயே இருக்கு. குடுக்கட்டுமா வேண்டாமா?" என்றாள்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்."

அன்று மாலை ஊசி கணவனிடம் ரசீதைக் காட்டினாள். பணம் எப்படி வந்தது என்று சொன்னாள். பதினாறு வயதுக் கதையையும் சொன்னாள். அவன் நெடுநேரம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்," என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டான். மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மகள்தான் வழி சொன்னாள். லேப்டாப்பை வாங்கிக்கொள்வது, ஆனால் இன்னும் மூன்று வருஷத்துக்கு அத்தை வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குப் பரிசே கிடையாது. இங்கிருந்து அங்கேயும் சட்டை விலையைத் தாண்டாது. மீறினால் பொருள் வாசலைத் தாண்டாது.

மெக்கானிக்தான் போன் செய்தான். "அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா. வேற ஒண்ணும் எடுத்துட்டு வராத. உன்கிட்ட கொஞ்சம் பேசணும்." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அவன் கண்ணை மூடிக் கேட்டான். "ஆமா, தெரியும். வா, பேசலாம்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் ஊசி கதவைத் திறந்தாள். நாத்தனாரின் ஒரு கையில் லேப்டாப் பெட்டி. மறுகை முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஊசி அந்தக் கையையே பார்த்தாள். கை மெதுவாக முன்னால் வந்தது. ஒரு பை.

"பழம்தான்," என்றாள் நாத்தனார். "ஆறே ஆறு."

ஊசி பையை வாங்கித் திறந்து எண்ணினாள். ஆறுதான் இருந்தது. வழிவிட்டு ஒதுங்கினாள்.